டைகர் வாயைத் திறந்த நேரம்

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள், அதுவும் சிங்காரப்பேட்டையில். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போயிருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் ரிப்பேர். பார்க்க வந்த ஆள் கை துடைத்த துணியைப் படியிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். கிழிந்த பனியன் துணி, கறுப்பாகக் கிரீஸ். கம்பெனிக்காரர்கள் பனியன் வேஸ்ட் என்பார்கள். குப்பையில் போடத்தான் எடுத்தேன். வாசனை மூக்குக்கு வந்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூனைக்குட்டிதான் வந்தது. அவர் மன்னிக்கட்டும்.

அப்போது மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, நடுவில் தடுப்பு, அந்தப் பக்கம் சமையல். தடுப்புக்கு ஒரு பலகைக் கதவு. அவருக்கு லேத் வேலை. வேலை முடிந்து வந்தால் இந்த வாசனைதான் அவருக்கு முன்னால் உள்ளே வரும். அடுத்தது டைகர் வரும்.

டைகர், கன்னட எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு செக்யூரிட்டி வளர்த்த நாய். அவர் ஊருக்குப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டார். அதற்குக் கன்னடம்தான் தெரியும். என் வீட்டுக்காரர் 'கூத்கோ' என்றால் உட்காரும், 'பேடா' என்றால் விட்டுவிடும். நான் 'உக்காரு' என்றால் சுவரைப் பார்க்கும். எனக்கும் கன்னடம் புரியும், பேச வெட்கம். சந்தையில்கூடக் கையைக் காட்டித்தான் கொத்தமல்லி வாங்குவேன். நாய்க்கு முன்னாலுமா வெட்கம் என்று அவர் சிரிப்பார். ஆமாம், நாய்க்கு முன்னாலும்தான்.

அது வந்த புதிதில், பின்பக்கம் ஒரு கிழட்டுப் பூனையைக் கழுத்தில் கவ்வி ஒரே உதறு உதறியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பக்கத்து வீட்டு ஷெரீபா பூனைக்குட்டியைக் கொண்டு வந்தாள். தாய்ப்பூனை லாரியில் அடிபட்டுப் போயிருந்தது. அவள் கைக்குழந்தைக்கு வீசிங், பூனை முடி ஆகாது.

"ரோட்ல வுட்டா ரெண்டு நாள் தாங்காதுக்கா. உங்க டைகர்கிட்ட வுட்டா ரெண்டு நிமிசம் தாங்காது. நீங்களே சொல்லுங்க, எங்க வுடறது?"

எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. வாங்கிக்கொண்டேன்.

அவர் அதற்கும் ஒரு கம்பெனிக் கணக்கு வைத்திருந்தார். "புது ஆளு வந்த மொத நாளே மிஷின்ல கைய வுடச் சொல்லுவாங்களா? மொதல்ல வாசன பழகட்டும்" என்றார். குட்டி சமையல் பக்கம், டைகர் இந்தப் பக்கம், கதவு சாத்தியே இருக்கும். இரண்டுக்கும் படுக்கை பனியன் வேஸ்ட். காலையில் இதன் துணி அதற்கு, அதன் துணி இதற்கு. முதல் நாள் டைகர் துணியைக் குதறிப் போட்டது. மூன்றாம் நாள் முகர்ந்துவிட்டு உறுமியது. ஆறாம் நாள் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. உள்ளிருந்து குட்டி காலை நீட்டித் தொட்டது. நான் அடுப்பைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் முதல் ஷிஃப்ட், மூன்றரைக்கு மேல்தான் வருவார். வந்ததும் கதவைத் திறப்பதாக ஏற்பாடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? புது உயிர் வீட்டுக்குள் வருகிறதே என்று குட்டியைத் தலைக்குக் குளிப்பாட்டினேன். சீயக்காய், மஞ்சள், நெற்றியில் ஒரு பொட்டு வேறு. ஆறு நாள் ஏற்றிய வாசனையை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிவிட்டேன்.

வாசலில் ஷெரீபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குக் காட்டலாமென்று பலகைக் கதவைக் கொஞ்சம் திறந்தேன். ஈரக் குட்டி, கையிலிருந்து வழுக்கி டைகர் முன்னால் விழுந்தது.

டைகர் முகர்ந்தது. தெரியாத வாசனை. முதுகு முடி எழுந்தது. குட்டி பின்னால் நகர்ந்து அரிசி டின்னில் முட்டி நின்றது. அதற்குமேல் போக இடமில்லை.

"கூப்புடுங்கக்கா, கூப்புடுங்க" என்கிறாள் ஷெரீபா.

வேணாண்டா வேணாண்டா என்றேன். காது கூடத் திரும்பவில்லை. உதடு மேலே ஏறி, வாய் திறந்து, குட்டியின் கழுத்து பல்லுக்குள் போனது.

"பேடா."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

டைகர் அசையவில்லை. கழுத்தை வாயில் வைத்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தது. சீயக்காய் மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டது. அப்புறம் பொட்டு அழிகிற வரைக்கும் நக்கியது.

அவர் வந்ததும் ஷெரீபா, "அண்ணே, அக்கா கன்னடம் பேசுச்சு" என்று சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று எத்தனையோ வருஷம் கேட்டார். நான் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம்.

டைகர் போய்விட்டது, பூனை போய்விட்டது, அவரும் போய்விட்டார். லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. குட்டியின் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தாய் நாயும் குட்டியை அப்படித்தானே தூக்கும்? நான் சொன்னதால் விட்டதா, கடிக்கவே நினைக்கவில்லையா? எதிரில் நின்ற நான் பல்லை மட்டும்தான் பார்த்தேன். வாசலில் நின்ற ஷெரீபாவுக்கு அதன் பின்பக்கம் தெரிந்திருக்கும். அப்போது கேட்க வெட்கம், பிறகு அவர்கள் காவேரிப்பட்டினம் போய்விட்டார்கள். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இது நடந்தது வெள்ளிக்கிழமைதானா என்று சரிபாருங்கள். அது தப்பானாலும் பரவாயில்லை. டைகர் அப்போது வாலை ஆட்டியதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.