கால் நிற்கிற தரை

பாத்ரூமுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. என் கல்யாணப் புடவைக்கே ஒரு மத்தியானம்தான் ஆனது. என் கணவர் முதல் நாள் ஒரு கடைக்கு வந்தார், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதோடு கழன்றுகொண்டார்.

எங்கள் ஃபிளாட் அபிராமபுரத்தில் இருக்கிறது. கட்டி முப்பது வருடத்துக்கு மேல். இரண்டு பாத்ரூம்களிலும் தரையில் மொசைக், சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். வெள்ளை என்பது பேச்சுக்குத்தான். போர் தண்ணீரின் உப்பு படிந்து, எந்த ஆசிட் போட்டாலும் போகாத பழுப்பு ஏறியிருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு, அவருக்கு அறுபத்திரண்டு. யாராவது ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நந்தனத்தில் ஒரு ஷோரூமில் கறுப்பு டைல்ஸ் ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். நிஜக் கல்லைப் போலவே மெல்லிய வெள்ளை நரம்பு ஓடியது. கையால் தடவிக்கொண்டே நின்றேன். கழுத்தில் டை கட்டிய விற்பனைப் பையன் என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் லேசில் விடமாட்டேன். அந்தக் கறுப்பையும் இன்னும் மூன்று ரகங்களையும் சாம்பிளுக்கு ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை நான்கையும் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சர்வீஸ் பால்கனியில் வரிசையாகப் போட்டேன். மேலே தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் சோப்பும் கரைத்துவிட்டேன். பிறகு எங்கள் வீட்டில் வேலை செய்பவரைக் கூப்பிட்டேன்.

"இதுமேல கொஞ்சம் நடந்து பாரேன். எது வழுக்கறதுன்னு சொல்லு."

அவர் பதினோரு வருடமாக வருகிறார். பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்து, வாரத்தில் இரண்டு நாள் இரண்டு பாத்ரூமும் கழுவுவார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. நேரில் இன்றுவரை நீ, வா, போதான். சோப்புத் தண்ணீர் ஊற்றிய டைல்ஸ் மேல் அறுபது வயதுப் பெண்ணை நடக்கச் சொன்னேன் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. நானே நடந்து பார்த்திருக்கலாம். விழுந்துவிடுவேனோ என்று பயம்.

அவர் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் ஏறினார். குதிகாலை அழுத்தித் திருப்பிப் பார்த்தார். வேலை செய்கிற மாதிரி இல்லை, தன் வீட்டுக்கு எடுக்கிற மாதிரி பார்த்தார்.

"இது வழுக்கினு போவுதுமா. இது பரவால்ல. இந்தச் சாம்பல் கலரு கீது பாரு, இதுல காலு நிக்குது."

"கறுப்பு?"

"பாக்க சோக்காதான் கீது. நம்ம போர் தண்ணிக்கு ஒரே மாசத்துல உப்பு பூத்துரும். தேச்சு மாளாதுமா. உனக்கும் கஷ்டம்."

'உனக்கும்' என்று என்னைத்தான் சொன்னார். தேய்க்கப்போவது அவர். நான் உடனே சாம்பல் நிறத்தை முடிவு செய்தேன். சுவருக்கு அதே குடும்பத்தில் வெளிர் நிறம், வாசற்படிக்கு மட்டும் ஒரு துண்டு கறுப்பு கிரானைட். அடையாறில் இருக்கும் என் தங்கையிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டேன். "எங்காத்துல டைல்ஸ் செலக்ட் பண்ணினதே அவதான், தெரியுமோ? யாராத்துலயாவது இப்படிக் கேட்டுண்டு செய்வாளா?"

அப்போது என் தங்கையிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு பாத்ரூம்களில் எதையும் அவர் ஒருநாளும் கழுவுவதற்கு அல்லாமல் உபயோகித்ததில்லை.

உபயோகிக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அதுதான் என் சாமர்த்தியம். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "பாத்ரூம் போவணும்மா" என்றார். நான் சிரித்த முகமாக, "கீழ வாட்ச்மேன் ரூம் பக்கத்துல ஒண்ணு இருக்கு, உங்களுக்கெல்லாம்னே கட்டினது. போயிட்டு வந்துடு" என்றேன். அவர் மூன்று மாடி இறங்கிப் போய்விட்டு வந்தார். அதன் பிறகு கேட்கவே இல்லை. நானும் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் அதே ஏற்பாடுதான். சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தினமும் காலை ஏழரைக்கு அவர் வந்ததும் "காபி போடட்டுமா?" என்று கேட்பேன். "வேணாம்மா, ஒத்துக்காது" என்பார். பதினோரு வருடமும் இதே கேள்வி, இதே பதில். வேலைக்கு வருபவருக்கென்று தனி டம்ளர் வைக்காத வீடு எங்களுடையது என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் ஒருநாளும் எதையும் குடிக்காதபோது தனி டம்ளருக்கு அவசியம் எங்கே வரும்?

வேலை ஆரம்பித்தபோது மேஸ்திரி நல்ல புத்தி சொன்னார். "ஒண்ணு முடிச்சிட்டு இன்னொண்ணை உடைக்கலாம்மா. வீட்ல ஆளுங்க கீறீங்க." எனக்கு இரண்டும் ஒரே மூச்சில் முடிய வேண்டும். பிடிவாதத்துக்கு என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டையும் உடைக்கச் சொன்னேன். அடையாறில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டோம். நான் மட்டும் காலையில் வந்து சாயங்காலம் வரை வேலையை மேற்பார்வை பார்த்தேன். அவசரத்துக்கு எதிர்வீடு இருந்தது.

நாலாவது நாள் எதிர்வீட்டுக்காரர்கள் சீமந்தத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தார்கள். பூட்டியிருந்த கதவை நான் பார்த்தபோது மணி பதினொன்று. காலையில் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வேன், நீர் பிரிவதற்கான மாத்திரை அது. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆட்டோ பிடித்து அடையாறு போகிற அளவுக்கெல்லாம் அவகாசம் இல்லை.

மூன்று மாடி இறங்கிப் போய் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கதவைத் திறந்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். உள்ளே குழாய் கழற்றப்பட்டு வாயை மரக்கட்டையால் அடைத்திருந்தது. பீங்கானுக்கு மேல் பாதி காலியான சிமெண்ட் மூட்டை சாய்ந்திருந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். படிக்கட்டில் விழுந்திருந்த சிமெண்ட் தூசியைப் பெருக்கியபடி அவர் கீழே வந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அங்க போவாதமா. வா, எங்க ஊட்டுக்குப் போலாம். அஞ்சு நிமிசம்தான்."

கால்வாய்ப் பக்கம் இருக்கும் ஹவுசிங் போர்டு கட்டடத்தில் முதல் மாடியில் அவர் வீடு. அந்த ஐந்து நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். வீட்டில் அவருடைய மருமகள் இருந்தாள். என்னை வாசலில் நிறுத்திவிட்டு அவர் முதலில் உள்ளே போனார். இரண்டு வாளி தண்ணீரை வீசி ஊற்றித் தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "போமா. மக் உள்ள கீது" என்றார்.

சின்ன இடம். சொரசொரப்பான சிமெண்ட் தரை. ஈரமாக இருந்தும் கால் அசையவில்லை. மூன்று வாரமாக ஊரெல்லாம் அலைந்து நான் தேடிய தரை. வாளியில் ஒரு சிவப்பு மக் மிதந்தது. வீட்டில் எல்லோரும் எடுக்கிற மக்.

வெளியே வந்தபோது மருமகள் காபி கலந்துகொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய சொம்புத் தண்ணீரை அண்ணாந்து நிறுத்தாமல் குடித்தார். பிறகு ஒரு டம்ளர் காபி. அது தீர்ந்ததும் டம்ளரை நீட்டினார், மருமகள் இன்னும் ஊற்றினாள்.

நான் கேட்டிருக்கக் கூடாது. "உனக்குக் காபி ஒத்துக்காதுன்னியே" என்று கேட்டுவிட்டேன்.

மருமகள்தான் பதில் சொன்னாள். "அத்த காலைல வேலைக்குப் போவசொல்ல ஒரு வாய் தண்ணி குடிக்காதுமா. போற எடத்துல பாத்ரூம் கெடையாதுல்ல. போன வருசம் எரிச்சல் வந்து ரொம்ப அவஸ்தப்பட்டுச்சு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் இட்டுனு போனோம்."

"சும்மா கெட நீ" என்றார் அவர்.

போன வருடம் அவர் மூன்று நாள் வராதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் நாளே போன் செய்து, முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று சிடுசிடுத்தேன். வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னார். மருமகள் எனக்கும் கொடுத்திருந்த காபியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. தலை நிமிரவில்லை. வெட்கம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அது காது வரை சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி அவர் நம் பாத்ரூமையே உபயோகிக்கட்டும் என்று அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். "செய்யறது சரிதான். ஆனா அசோசியேஷன்ல மத்தவா என்ன சொல்லுவாளோ" என்று இழுத்தார். அவரிடம் கத்தினேன். கத்துவதற்கு ஒரு ஆள் கிடைத்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இன்னும் பத்து நாளில் வேலை முடிந்தது. ஹாலை ஒட்டிய பாத்ரூமை இனி அவரும் உபயோகிக்கட்டும், அதை நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். புது பாத்ரூமுக்குப் புது சாமான் வாங்க மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய்விட்டு வந்தேன். மறுநாள் காலை அவர் வந்ததும் சொன்னேன்.

"இனிமே நீ இந்த பாத்ரூமையே யூஸ் பண்ணிக்கோ. கீழெல்லாம் போகாதே."

"சரிமா" என்றார். முகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. செருப்பில்லாத காலோடு உள்ளே போய், தான் தேர்ந்தெடுத்த சாம்பல் தரையில் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா நிக்குதுமா" என்றார். எனக்குக் கண் கலங்கியது. என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் வந்த நேரம் அது.

அப்போது உள்ளேயிருந்து கேட்டார். "இது இன்னாத்துக்குமா, ரெண்டு மக்கு?"

வாளியோடு சேர்ந்த நீல மக் ஒன்று. வாஷ்பேசினுக்கு அடியில், தள்ளி, சின்னதாக ஒரு பச்சை மக். இரண்டையும் நான்தான் வாங்கினேன், நான்தான் அப்படித் தள்ளி வைத்தேன். கடைக்காரர், "செட்லயே ஒண்ணு இருக்கேம்மா, இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்டார். "வேலைக்காரிக்கு" என்று நான் பதில் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. மூச்சு விடுகிற மாதிரி வந்தது. அவர் வீட்டுச் சிவப்பு மக்கை எடுத்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

பச்சை மக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசற்படிக் கிரானைட்டில் நின்றார்.

"அது... தரை துடைக்கற துணி ஊற வைக்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த மக்கில் ஒரு துணியை முழுதாக நனைக்க முடியாது, அவ்வளவு சின்னது. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஓ, சரிமா" என்றார். துணியை மடித்து அதற்குள் திணித்து, தண்ணீர் ஊற்றி, பால்கனியில் கொண்டுபோய் வைத்தார்.

நான் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. "காபி போடட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"வேணாம்மா."

"ஏன்?"

பாத்திரங்களைத் தேய்க்கக் கொண்டுபோய்க்கொண்டிருந்தவர் நின்றார். அவர் வீட்டில் இரண்டு டம்ளர் குடித்ததை நான் பார்த்தேன், பார்த்தது அவருக்கும் தெரியும்.

"ஒத்துக்காதுமா" என்றார்.