செவலை நாயின் மண்டை

அறுபதுகளின் தொடக்கத்தில் செண்பகனூர் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் செத்த விலங்குகளைப் பாடம் செய்துகொண்டிருந்தேன். வேட்டைக்குப் போகும் எஸ்டேட்காரர்கள்தான் வாடிக்கை. தோலைக் கிழியாமல் உரிப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தப் பெயர் என் தலைக்கு ஏறியிருந்தது.

பக்கத்துப் பங்களாவின் காவல்காரர் ஒருநாள் விடிந்தும் விடியாமல் வந்தார். கோணிச்சாக்கில் அவருடைய செவலை நாய். சிறுத்தை கழுத்தைக் கடித்து, அவர் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டு ஓடியிருந்தது.

"பங்களாவுல நீங்க செஞ்ச மான் தலை உசுரோட பாக்குற மாதிரியே இருக்குங்க. இவன் தலையையும் அப்பிடி ஆக்கிக் குடுங்க. எனக்குன்னு இருந்தது இவன்தான்."

தெருநாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வாங்கிவைத்தேன்.

முகத்தின் சாயல் முழுக்க மண்டையோட்டில்தான் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து, அதன் மேல்தான் தோலைப் போர்த்த வேண்டும். தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் சதை தானாக அழுகிக் கழன்றுவிடும். கீழே கன்னிவாடியில் மூன்று வாரத்தில் முடிகிற வேலை, கொடைக்கானல் குளிரில் மூன்று மாதம் இழுக்கும்.

பத்து நாளில் ஒரு எஸ்டேட்காரர் அந்தச் சிறுத்தையைச் சுட்டுக் கொண்டுவந்தார். என்னிடம் இருந்ததோ ஒரே தொட்டி; அது சிறுத்தையின் மண்டைக்கு வேண்டும். நாயின் மண்டையை எடுத்து, சலவைச் சோடா கரைத்த அண்டாவில் போட்டு அடுப்பேற்றினேன். கொதிக்க விடாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எனக்குத் தெரியாததா? சிறுத்தைத் தோலைத் தொட்டதும் மறந்தே போனேன். திரும்பிப் பார்த்தபோது தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மூக்கெலும்பு சுண்ணாம்பாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் தண்ணீரோடு ஓடையில் கொட்டினேன்.

அலமாரியில் ஒரு நரி மண்டை கிடந்தது. செவலையின் தோலை அதன் மேல் இழுத்துத் தைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற திமிர்! நினைத்தால் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நாலு மாதம் கழித்துக் காவல்காரர் வந்தார். தலையை மடியில் வைத்து, நெற்றியிலிருந்து மூக்கு வரை விரலால் தடவினார்.

"மூஞ்சி கூம்பிக் கெடக்கேங்க."

"பாடம் பண்ணினா சுருங்கத்தான் செய்யும்," என்றேன் கூசாமல்.

மறுபடி தடவினார். பிறகு அதை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"இது அவன் இல்லீங்க. அவன் மண்டைய எங்க போட்டீங்க? அதையாவது குடுங்க, பொதைச்சுக்கிறேன்."

ஓடைப் பக்கம் கையைக் காட்டினேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். குளிர்ந்த தண்ணீரில் குனிந்து கல் கல்லாகப் புரட்டினார். நானும் கூட இறங்கியிருக்க வேண்டும். பாதி தைத்த சிறுத்தைத் தோல் காய்ந்துவிடுமே என்று கொட்டகைக்குள் போய்விட்டேன்.