பின் சீட் பெல்ட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய், பிசாசு என்றால் கிண்டலடித்தே பழகியவன் நான். ஒயரிங் வேலை பார்க்கிறவன். ஷாக் அடித்தால்தான் அலறுவேன். ஆனால் அன்று சாயங்காலம் 5.52-க்குத் தொடங்கியது சத்தியமாக நடந்தது.

ஜைரோகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன்; குட்டி ஹெலிகாப்டர் மாதிரி ஒரு பறக்கும் வண்டி. முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட். இரண்டிலும் வண்டியை ஓட்டும் ஸ்டிக் உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். பாடம் எடுக்கும்போது வாத்தியார் பின்னால் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்.

"திருப்பும்போது வேகம் விழும்டா. அறுபது மைலுக்குக் கீழ விடாத. மூக்கை மெதுவா இறக்கு, பவரைக் கூட்டு. வேகத்தை விட்டுட்டா முழுப் பவரும் காப்பாத்தாது."

அன்று நான் தனியாகப் பறந்தேன். தனியாகப் போகும்போது பின் சீட் பெல்ட்டைப் பூட்டி இறுக்கிவிட வேண்டும். தொங்கினால் பின்புற விசிறியில் சிக்கும். சீட்டோடு சீட்டாக இறுக்கினேன். இரண்டு தடவை இழுத்தும் பார்த்தேன்.

முதல் சந்தேகம் ஓடுபாதையிலேயே வந்தது. ஒற்றை ஆளுக்கு இரண்டாவது வெள்ளைக் கோட்டிலேயே வண்டி எழும்பிவிடும். அன்று நாலாவது கோடும் போய்விட்டது. காற்று சரியில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

5.55. முந்நூறு அடி. இடது பக்கம் சாய்த்தேன்.

வேகம் அறுபத்தைந்து. அறுபது. ஐம்பத்தைந்து...

மூக்கை இறக்க ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன். நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

முழுப் பவர் கொடுத்தேன். எஞ்சின் அலறியது. வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே தகரக் கூரைகள் பெரிதாகின. ஏழு மணிக்குள் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அழுதுவிட்டேன். என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை.

நாற்பத்தைந்து.

ஹெட்போனில்... மூச்சு.

பின் சீட் ஹெட்போனை நானே கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன்.

"அண்ணா... பயமா இருக்கு. இறக்கி விடுங்க."

பெண் குரல்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாற்பது...

"கையை எடும்மா," என்றேன். "இறக்கி விடறேன். சத்தியமா."

ஸ்டிக் தளர்ந்தது.

மூக்கு மெதுவாக இறங்கியது. ஐம்பது. அறுபது. தரையிலிருந்து எழுபது அடி உயரத்தில் வண்டி நிமிர்ந்தது. சுற்றி வராமல், குறுக்கே வந்து இறங்கினேன். மணி 6.01.

வாத்தியார் ஓடி வந்தார். பின் சீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பெல்ட் பூட்டியபடியே இருந்தது. ஆனால் சீட்டோடு ஒட்டியில்லை. ஒல்லியான ஓர் இடுப்பு கொள்ளும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆசையாக ஒரு ரவுண்டு கேட்டு ஒரு பெண் வந்தாளாம். அப்படி யாரையாவது பின்னால் ஏற்றும்போது பின் ஸ்டிக்கைக் கழற்றிவிட வேண்டும். சோம்பல்பட்டு அவர் கழற்றவில்லை. திருப்பத்தில் பயந்துபோய் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வண்டி விழுந்தது. அவர் பிழைத்தார்; அவள் பிழைக்கவில்லை. உடைந்த வண்டியில் உருப்படியாக மிஞ்சியது பின் சீட் ஒன்றுதான். அதைத்தான் இந்த வண்டியில் மாட்டியிருந்தார்.

"கடைசி வரைக்கும் அவ விடவே இல்லையா, சார்?"

"விட்டுட்டாடா. இறக்கி விடறேன்னு சொன்னதும் கையை எடுத்துட்டா." முகத்தை மூடிக்கொண்டார். "நான்தான் இறக்கல. கெத்து காட்ட இன்னொரு தடவை திருப்பினேன். வேகத்தைப் பாக்கல."

பெல்ட்டைத் தொட இருவருக்கும் கை வரவில்லை. அப்படியே விட்டு ஷெட்டைப் பூட்டினோம். சாவி அவரிடம்தான் இருந்தது.

மறுநாள் காலை 6.10-க்குப் போன் செய்தார். பின் சீட் பெல்ட் அவிழ்ந்து கிடக்கிறதாம்.

முன் சீட் பெல்ட் பூட்டியிருக்கிறதாம். அதே ஒல்லியான இடுப்பளவுக்கு.