முப்பத்தெட்டு நிமிஷம்

ஃபஹ்மிதாவுக்கு வாய் நீளம். லப்பைக்குடிக்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரம்பலூரில் இதழியல் படிக்கச் சேர்ந்தபோது, "இவளுக்கு ஏத்த படிப்புதான்" என்று அம்மா சாகிராவே சிரித்தார். ஆனால் வீட்டுக்குள் அந்த வாயெல்லாம் செல்லாது. குவைத்தில் இருக்கும் அண்ணன் அனஸைக் கேட்காமல் அங்கே ஒரு ஃபேன்கூட மாற்ற மாட்டார்கள்.

போன வருஷம் அத்தா நஜீமுதீனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, வலது கையும் பேச்சும் போய்விட்டன. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றதுமே ஃபஹ்மிதா போனில் வீடியோ எடுத்தபடி டிரைவர் சிங்காரவேலுவைப் பிடிபிடியென்று பிடித்திருந்தாள். "ஒரு மணி நேரம் கழிச்சு வரீங்களே, நீங்கள்லாம் மனுசங்கதானா?" வீடியோ குவைத் வரைக்கும் போயிற்று. டீக்கடையில்கூட அவரைக் கேலி செய்தார்கள். மனுஷன் தாங்கமாட்டாமல் தானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தா.பழூருக்குப் போய்விட்டார்.

இந்த வருஷம் வகுப்பில் சுகன்யா மேரி மேடம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஏதாவது ஒரு பதிவைக் கேட்டு வாங்கிச் செய்தி எழுதச் சொன்னார். ஃபஹ்மிதா விடுவாளா? அன்றைய ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவைக் கேட்டு மனுப் போட்டாள். "அந்த ஆளக் கிழிச்சுத் தொங்கவிடறேன், பாருங்கடி" என்று தோழிகளிடம் வேறு சொல்லிவைத்தாள்.

பதில் வந்தது. அழைப்பு வந்தது 4.50. வண்டி வீட்டுக்கு வந்தது 5.04. பதினாலே நிமிஷம்.

"பொய் மேடம் இது! அத்தா விழுந்தது நாலு மணி தாண்டினதுமே, அசர் தொழுதுட்டு வந்தப்ப. அப்பவே கூப்பிட்டோமே!"

"உன் போன எடுத்துப் பாரும்மா. அதுவும் பதிவுதான்" என்றார் மேடம்.

அண்ணனோடு பேசிய வாட்ஸ்அப்பை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். 4.12, அவன் எடுக்கவில்லை. 4.20, எடுக்கவில்லை. 4.33, எடுத்தான்: 'இரு, கார் சொல்றேன்.' 4.49, ஒரு மெசேஜ்: 'கார் இல்ல. ஆம்புலன்ஸ் கூப்டு.' அத்தா தரையில் கிடக்க, கையில் போனை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு நிமிஷம் அண்ணன் உத்தரவுக்காக நின்றிருக்கிறாள். அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பஸ் ஏறித் தா.பழூர் போனாள். சிங்காரவேலு வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டி, "மன்னிச்சிருங்க சார்" என்றாள்.

அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "இது எனக்குத் தெரிஞ்சதுதானே? என் பொண்ணு நந்தினி ஸ்கூலுக்குப் போவமாட்டேன்னு பத்து நாள் அழுதுச்சு. நீங்க என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போனா ஆச்சா? அன்னைக்கு வீடியோ எடுத்தீங்கள்ல, அதே மாதிரி ஒண்ணு எடுத்துச் சொல்லுங்க."

ஊரே பார்க்கும். அம்மா பார்ப்பார். அத்தாவும் பார்ப்பார்.

"சொல்றேங்க. அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

சொன்ன பிறகுதான் தன் பேச்சு தன் காதிலேயே விழுந்தது. சிங்காரவேலு துடைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "என் பேரு ஃபஹ்மிதா. எங்க அத்தா விழுந்தப்ப நான் ஆம்புலன்ஸக் கூப்பிடல..." நிறுத்தாமல் பேசி முடித்து, பழைய வீடியோ போன எல்லாருக்கும் அனுப்பினாள்.

இரண்டாம் நிமிஷம் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அத்தா முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் தெரியவில்லை.