கல்லலுக்கு அப்பால், ஐந்துக்கு நான்கு வாங்கிய ஊர்

நான் கல்லூரியில் மேலாண்மைப் பாடம் நடத்துகிறேன். நிறுவனங்களின் நலப்பணிகளால் ஊர்மக்கள் வாழ்க்கை மேம்படுகிறதா என்பது என் ஆய்வு. இரண்டு வருடங்களுக்கு முன் கல்லல் அருகே ஒரு கிராமத்தில் வீடு வீடாக வாழ்க்கை எப்படி என்று கேட்டு, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு எழுதிய கட்டுரைக்கு நல்ல பெயர் கிடைத்தது. அந்த ஊருக்கு ஒரு தனியார் ஆலை லாரியில் குடிநீர் கொடுத்துவந்தது. அச்சான கட்டுரையைக் காட்டிவிட்டு வரலாம் என்று சென்ற மே மாதம் கிளம்பினேன். பெருமையடித்துக்கொள்ளத்தான், வேறென்ன.

காரைக்குடியில் காலை 8.10க்கு நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. கல்லலுக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ.

"அங்குட்டு திரும்ப வண்டி கிடைக்காதும்மா. வெயிட்டிங்கோட முன்னூத்தம்பது குடுத்துருங்க" என்றார் ஓட்டுநர் ஜபார் பாய். பேரம் பேசாதீர்கள், அவர் சொன்னது உண்மை.

மீனாள் வீட்டுக்குப் போனேன். ஆய்வுக்கு வந்தபோது எனக்கு முதலில் பதில் சொன்னவர் அவர்தான். லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன்.

"அது நின்னு ஒரு வருசமாச்சு. உங்க கட்டுரையக் காட்டி, இந்த ஊருல எல்லாரும் நல்லாருக்காக, இனி வேற ஊருக்குக் குடுக்கணும்னு ஆலைக்காரக சொல்லிட்டாக."

"நீங்கதானே அக்கா அஞ்சுக்கு நாலு போடச் சொன்னீங்க?"

"நல்லாருக்கீகளான்னு கேட்டீக. வீட்டுக்கு வந்தவுககிட்ட இல்லைன்னா சொல்லுவாக?"

நானும் சிவகங்கைக்காரிதான். என் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், பார்க்க வந்தவர்களிடம் நல்லாருக்கேன் என்றுதான் சொன்னார். தெரிந்தும் அந்தக் கேள்வியை வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மீனாளுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கனம் தூக்கக் கூடாதாம். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பம்புசெட்டிலிருந்து தினமும் நான்கு குடம் தூக்குகிறார்.

"தையல் ஒருவாட்டி பிரிஞ்சிருச்சு. லாரிய வரச் சொல்லி எழுதுங்க. நீங்க எழுதுனாக் கேப்பாக."

ஆலைக்கு எழுதினேன். "உங்க ஆய்வு முடிவைத்தானே மேடம் பின்பற்றினோம்" என்றார் ஆலை மேலாளர். திருத்தம் போடச் சொல்லி ஆய்விதழுக்கும் எழுதினேன். புதிய தரவு இருந்தால் புதிய கட்டுரையாக அனுப்பலாம் என்று பதில் வந்தது. லாரி இன்றுவரை வரவில்லை.

போகிறவர்களுக்கு: மே மாதம் வேண்டாம். ஆட்டோவுக்குத் திரும்பும் வாடகையும் சேர்த்துப் பேசுங்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகவில்லை. வெயிலில் போய் உட்கார்ந்ததும், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இரண்டு செம்பு வாங்கிக் குடித்தேன். மீனாள் மூன்றாவதும் மொண்டு வந்து நீட்டினார். அதையும் குடித்தேன்.