நேரத்துக்கு வந்த ரயில்

எங்கள் ஊரில் ரயில் நிற்பதை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு தொண்ணூறுகளின் கடைசியில் கிளம்பியது. ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து காலையில் வரும் பாசஞ்சர் வண்டி, ஆம்பூருக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு நிமிடம் நிற்கும். ஸ்டேஷன் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. தண்டவாளத்தின் உயரத்துக்கே ஒரு மண் மேடை, ஒரு சிமெண்ட் பெஞ்சு, சின்னதாக ஓர் அறை, ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகை. ரயில்வே ஆள் என்று யாரும் இல்லை. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஒரு பாய் மட்டும் வந்து அறையைத் திறந்து உட்காருவார். வண்டி போனதும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அங்கே டிக்கெட் விற்பதில்லை, அதனால் வண்டி நிற்பது வீண் என்று மேலே நினைத்தார்களாம். டிக்கெட் எப்படி விற்கும்? நாங்கள் எல்லோரும் தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள். எல்லோரிடமும் மாத பாஸ் இருந்தது. அந்த பாஸை ஆம்பூரில்தான் வாங்க முடியும். அங்கே வாங்கினால் அது ஆம்பூர் வியாபாரம். எங்கள் ஊர் அறையில் பாய் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு அந்த நிறுத்தம் போனாலும் பரவாயில்லை. நான் தோல் கம்பெனியில் தோல் பதப்படுத்தும் டிரம்மை ஓட்டுகிறவன். சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருப்பேன். என் மனைவியால் அது முடியாது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். ரயிலடி எங்கள் தெருவின் கோடியில் இருந்தது. பஸ் பிடிக்க வேண்டுமென்றால் வயல்வரப்பு தாண்டி, ஏரிக்கரை ஏறி, மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். அங்கே நிற்கிற பஸ்ஸும் ஆள் ஏறும் வரை காத்திருக்காது.

ஷூ கம்பெனியில் அவள் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தாள். காலால் மிதிக்காத, மோட்டார் மெஷின். வேறு எந்த வேலையும் அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. நாட்றம்பள்ளியில் அவள் பிறந்த வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, ஓரமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கச் சொல்வார்கள். கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டேன். வண்டி நிற்காவிட்டால் அவள் மறுபடியும் அந்த மூலைக்குத்தான் போக வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

பாய்தான் முயற்சி எடுத்து மனு எழுதவைத்தார். ஊரே கையெழுத்துப் போட்டது. ஐந்தாவது வரை படித்த நானும் என் பெயரை மெதுவாக எழுதினேன். கொஞ்ச நாளில், அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

பாய் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். "வியாழக்கிழமை காலைல பெரிய ஆபீசர் வர்றாரு. ஜாஸ்தி பேரு வந்து நிக்கணும். கம்மியா இருந்தா நம்ம கதை முடிஞ்சுது."

பக்கத்து வீட்டு அக்கா என் மனைவியோடு ஒரே லைனில் தைப்பவள். யாருக்கும் பயப்படாத வாய். "நிக்கறதுக்கு இன்னா பாய், என் மாமியாரையும் கூட்டினு வர்றேன். அது எங்க வேணா நிக்கும், வீட்ல அடுப்பாண்டதான் நிக்காது" என்றாள்.

கம்பெனிக்குப் போகாதவர்களும் வருவதாகச் சொன்னார்கள். சாவு வீட்டுக்குத் தலை காட்டுகிற மாதிரி இதற்கும் வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும் என்று ஆகிவிட்டது. பெண்கள் நல்ல புடவையை எடுத்துவைத்தார்கள்.

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, பாயும் சொல்லவில்லை. வண்டி எப்போது வரும் என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அட்டவணைப்படி ஏழு மணிக்கு வர வேண்டிய வண்டி, முந்தின ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு நின்று நின்று, எட்டு மணி வாக்கில்தான் வந்து சேரும். பல வருஷமாக அப்படித்தான். உலை வைப்பது, பிள்ளைகளை எழுப்புவது, தலை வாருவது எல்லாம் அந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்துத்தான் நடந்தன. அதற்கும் மேல் தாமதமாகி, கம்பெனி கேட் மூடித் திரும்பி வந்த நாட்களும் உண்டு. ஆனால் ஏழு மணிக்கு அது வந்து நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை நான் மட்டும் சீக்கிரமே ரயிலடிக்குப் போய்விட்டேன். இது என் வழக்கம். கூட்டமாகப் பேசிக்கொண்டு நடப்பது எனக்கு வராது. யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று இருக்கும். மனைவி அக்காவோடும் மற்ற பெண்களோடும் பின்னால் வருவாள்; அவளுடைய பையை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

அன்றைக்கு மேடையில் ஏற்கனவே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தலை நரைத்த அதிகாரி ஒருவர், கையில் அட்டை வைத்துக்கொண்டு அவருடைய உதவியாளர். மண் பாதையில் ஜீப் நின்றிருந்தது. பாய் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "இந்த வண்டிக்கா?"

தலையாட்டினேன்.

"தினமும் எத்தனை பேர் ஏறுவாங்க?"

நிறைய பேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அப்போது தூரத்தில் ஹாரன் கேட்டது. கூட்ஸ் வண்டி என்றுதான் நினைத்தேன். வளைவில் திரும்பியபோது பார்த்தால் எங்கள் பாசஞ்சர். பாய் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "யா அல்லா, இது இன்னாது இது!"

வண்டி சரியான நேரத்துக்கு வந்து நின்றது. லைனில் அதிகாரி இருக்கிறார் என்று தெரிந்து எக்ஸ்பிரஸ்களை நிறுத்தி இதை விட்டிருப்பார்கள் என்று பாய் பிறகு சொன்னார். ஏறுவதற்கு என்னைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. ஊர் அப்போதுதான் குளித்துக்கொண்டிருந்தது.

ஏறுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். ஏறினால் ஒருவன் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்; பாய் சொன்னால், கமிஷனுக்காகச் சொல்கிறார் என்பார்கள். கார்டு எட்டிப்பார்த்து "ஏறலியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். கொடியைக் காட்டினார். வண்டி போய்விட்டது.

"இருந்தது ஒரே ஆள். அவரும் ஏறல" என்றார் அதிகாரி. உதவியாளர் குறித்துக்கொண்டார். பாய் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். "சரி சரி" என்றபடி அவர்கள் ஜீப்பை நோக்கி நடந்தார்கள்.

என் மனைவி அந்த நேரம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"சார், கொஞ்சம் இருங்க சார். இப்பத்தான் வருவாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

"வண்டிதான் போயிடுச்சே. இனிமே எதுக்கு வருவாங்க?"

"எங்களுக்கு வண்டி டைம் இன்னும் ஆகல சார்."

அவர் என்னைக் குடித்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் குடிப்பதில்லை, ஆனால் நான் சொன்னதைக் கேட்டால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். உதவியாளர் "வாங்க சார், அடுத்த இடம் இருக்கு" என்றார். அதிகாரி என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த நேரம்தான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. ஒருவேளை ஊருக்குள் ஹாரன் கேட்டு, வண்டி போய்விட்டது என்று புரிந்து, எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடியிருந்தால்? நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வந்தது அக்காவின் மாமியார். பட்டுப்புடவையில், யாருக்கோ நிச்சயதார்த்தம் என்பதுபோல் வந்தார். பின்னால் அக்கா. அதற்குப் பின்னால் டிபன் பாக்ஸ் பைகளோடு ஆண்களும் பெண்களுமாகத் தெரு நிறைய ஆட்கள். எங்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். உதவியாளர் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். கடைசியில், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு என் மனைவி வந்தாள்.

"இன்னா பாய், வண்டி இன்னும் வரலியே, இன்னிக்கும் லேட்டா?" என்றாள் அக்கா.

"வண்டி போயே போச்சும்மா."

"காலங்காத்தால கிண்டல் பண்ணாதீங்க. நல்ல நாளு பெரிய நாளுக்கே டைமுக்கு வராது அது."

"இன்னிக்கு வந்துச்சு. இதோ, சாரே பாத்தாரு."

அக்கா அதிகாரியைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

அதிகாரி எழுந்து பக்கத்தில் நின்றவரிடம் டிக்கெட்டைக் கேட்டார். அவர் பாஸைக் காட்டினார். அடுத்தவரும் பாஸ். பிறகு கேட்காமலே எல்லோரும் பாஸை எடுத்து நீட்டினார்கள். அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எல்லாமே ஆம்பூர்ல வாங்கினதா?"

"இங்க குடுத்தா இங்க வாங்க மாட்டாங்களா சார்?" என்றார் பாய்.

"சரி, வண்டி டைமுக்கு ஏன் யாரும் வரல? எங்க ரிப்போர்ட்ல இந்த வண்டி தினமும் சரியான நேரத்துலதான் போய்ச் சேருது."

கடைசி ஸ்டேஷனில் போய்ச் சேரும் நேரத்தைத்தான் அவர்கள் எழுதுவார்களாம். கடைசிப் பகுதியில் ஓடுவதற்கு அட்டவணையில் தேவைக்கு மேல் நேரம் கொடுத்திருப்பதால், நடுவில் எவ்வளவு நின்றாலும் முடிவில் சரியாகிவிடும். இதை அவரே மெதுவாகச் சொன்னார், யோசித்துக்கொண்டே சொல்வதுபோல்.

அக்கா விடவில்லை. "அந்த ரிப்போர்ட்ல ஓடற வண்டி இன்னா கலர் சார்? சொன்னா நாளைலருந்து நாங்க அதுலயே ஏறிப் போறோம்."

கூட்டம் சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அதிகாரியும் சிரித்துவிட்டார். "நான் மட்டும் முடிவு பண்ற விஷயமில்லம்மா. பார்த்ததை எழுதுறேன். வண்டி போன பிறகு இத்தனை பேர் வந்து நின்னதையும் எழுதுறேன்" என்றார்.

எல்லோரும் மெயின் ரோட்டுக்குக் கிளம்பினோம். அக்கா ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள். "சார், இவ எங்க கூட நடந்து வந்தா பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவா. இவள மட்டும் ஏத்திக்கினு போங்க." என் மனைவி வேண்டாம் வேண்டாம் என்றாள். அதிகாரி கதவைத் திறந்துவிட்டார். அவளை ஜீப்பில் உட்காரவைத்து, பையை மடியில் வைத்து, அனுப்பிவிட்டோம்.

ஷூ கம்பெனி வாட்ச்மேன் ஜீப்பைப் பார்த்துச் சல்யூட் அடித்தாராம். சாயந்திரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "வழில கேட்டாரு, ஸ்டேஷன எடுத்துட்டா எப்படிம்மா வேலைக்கு வருவேன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"வர மாட்டேன் சார்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?"



அடுத்த வாரத்திலிருந்து வண்டி ஏழு மணிக்கே வர ஆரம்பித்தது. ஊர் பேஜாராகிவிட்டது. முதல் இரண்டு நாள் பாதிப் பேர் வண்டியை விட்டுவிட்டார்கள். விளக்கு வைத்துச் சமைக்க வேண்டியிருந்தது. "டைமுக்கு வான்னு எவடி மனு போட்டது?" என்று அக்காவின் மாமியார் தெருவில் நின்று கேட்டார். நிறுத்தம் இருக்குமா இருக்காதா என்பதற்கு மட்டும் பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் வண்டி நின்றதும், இன்றைக்கு நின்றுவிட்டது என்று என் மனைவி வாய்க்குள் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கும்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலை. இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்தே, முதல் ஆளாக வந்துவிடுவோம். மேடையில் இரண்டு பேர் ஏணி போட்டு மஞ்சள் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப்பெயரில் பாதி எழுத்து போய்விட்டிருந்தது. என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் போய்க் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

போனேன். "எடுக்கப் போறீங்களா?"

ஏணி மேல் இருந்தவன் குனிந்து பார்த்தான். "இன்னாத்த?"

"ஸ்டேஷன."

"எடுக்கப் போற ஸ்டேஷனுக்கு யாராச்சும் பெயிண்ட் அடிப்பாங்களாய்யா? தள்ளி நில்லு, மேல சொட்டும்."

கீழே இரண்டு டப்பாக்கள் திறந்திருந்தன, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் கறுப்பு. நான் திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். அவள் காதிலும் விழுந்திருந்தது, இருந்தும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக நீட்டிவிட்டுக்கொண்டாள். ரொம்ப தூரம் நடந்து வந்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

ஹாரன் கேட்டது. அக்காவும் மற்றவர்களும் தெருமுனையில்தான் வந்துகொண்டிருந்தார்கள்; அன்றைக்கு ஆம்பூருக்குக் கிளம்பியிருந்த அக்காவின் மாமியார் இன்னும் பின்னால். வழக்கமாக அவளை வண்டியில் தூக்கிவிடுவது அவர்கள்தான். நான் முதலில் ஏறிக்கொண்டு கையை நீட்டினேன். பெட்டியில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. கெட்டியாகப் பிடித்து மேலே இழுத்தேன்.

"இன்னாடி இது, காலங்காத்தால சினிமாவா?" அக்கா ஓடி வந்துகொண்டே கத்தினாள். "கார்டு சார், ஒரு நிமிஷம்! இன்னும் மாமியார் வரணும்!"