வெளியே வந்தாளா?

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுக்காரி அவள். நெற்றியில் எப்போதும் வியர்வை, தோளில் கைத்துண்டு. என் வீட்டுக்கு வந்தால் உட்காரவே மாட்டாள். அவள் வீட்டு அடுப்பில் எப்போதும் குக்கர் இருக்கும். வாசலில் நின்றபடி ஒரு காதைத் தன் வீட்டுப் பக்கமே வைத்திருப்பாள்.

ஒருநாள் அவள் வந்தபோது நான் ஒரு பழைய ஸ்பானிஷ் படம் போட்டிருந்தேன். வந்த காலத்தில் யாரும் சீண்டாமல், இப்போது டிவிடியில் பார்த்து எல்லோரும் கொண்டாடுகிற படம். அதில் ஒருத்தி பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். பின்னால் யாரோ வரும் காலடிச் சத்தம். எந்தக் கதவைத் திறந்தாலும் அதே சமையலறை.

மறுபடியும் சமையலறை வந்ததும், டிவிடி சிக்கிவிட்டதென்று வெளியே எடுத்து, கீறல் போகப் பற்பசை தடவினேன்.

“துடைக்காதீங்கக்கா, சிடி நல்லாத்தான் கீது. ஒவ்வொரு வாட்டியும் அடுப்புல பால் இன்னும் கொஞ்சம் மேல பொங்கிகினே வருது, பாக்கல? அவதான் மாட்டிகினா” என்றாள். திரும்பப் போட்டேன். முதல்முறையாக வாசற்படியில் உட்கார்ந்தாள். புருஷனின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டாள்.

மறுநாள் மாடியில் துணி காயப்போடும்போது, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அந்தப் பொண்ணு வெளிய வந்துச்சா?”

“வந்துட்டா. கடைசியில ரோட்டுல நடந்து போறா.”

“எப்டி வந்தா?”

“அதைக் காட்டலை.”

ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். “அதத்தானக்கா காட்டணும்!”

பிறகு அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். அந்தக் கடைசிக் காட்சியை நான் இன்னும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். எந்தக் கதவு வழியாக வெளியே வந்தாள் என்று பிடிபடவே இல்லை.